தளர்ந்த கயிறும் இரண்டாம் கயிறும்



ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 33-ஆம் அதிகாரம் 23-ஆம் வசனம் ஒரு கப்பலைப் பார்த்துப் பேசுகிறது. அதின் கயிறுகள் தளர்ந்திருக்கின்றன. ஆகையால் பாய்மரத்தை உறுதியாய் நிறுத்த முடியவில்லை. ஆகையால் பாயை விரிக்க முடியவில்லை. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கயிறு, பிறகு மரம், அதன்பிறகே பாய். காற்று இல்லாததால் அந்தக் கப்பல் நின்றுபோகவில்லை. மரம் ஒடிந்ததாகவும் தீர்க்கதரிசி சொல்லவில்லை. யாரும் உற்றுப் பார்க்காத கயிறுதான் முதலில் தளர்ந்தது.

இந்த வாரம் பழைய சிறு பாய்மரப் படகு ஒன்றின் வடங்களையும் கயிறுகளையும் பத்திரமாய்ப் பழுதுபார்ப்பதைப்பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற நமக்கும் பாய்மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டில் கிடங்கிலும் எயிற்பட்டினமும் இருந்தன. கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நாம் வயல்வெளி மக்கள்தான்; ஆனாலும் கடல் நமக்கு அந்நியமன்று. மரக்காணத்துக் குப்பங்களில் உறவு உள்ளவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அருகிலுள்ள புதுச்சேரியிலிருந்து சென்ற கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, தில்னாவோடு சேர்ந்து தாரிணி என்னும் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிவந்தார். 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே 29-ஆம் தேதி அவர்கள் திரும்பினார்கள். இடையில் ஃபிரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய 4 துறைமுகங்களில் தங்கினார்கள். தங்கின இடங்களிலெல்லாம் படகைப் பராமரிப்பதும் பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படகைப் பழுதுபார்ப்பது நல்ல காரியம். அது சிக்கனமும் நன்றியறிதலுமாகும். ஆனால் ஒரு படகைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதனைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. பாய்மரத்தின்மேல் ஏறுகிறவன் யாராயிருந்தாலும், அவனைத் தாங்கும் கயிற்றோடுகூட, அவனைக் காக்கும் இரண்டாம் கயிறு ஒன்றும் இருக்கவேண்டும். இது படகுக்கு மட்டும் உரிய பிரமாணம் அன்று என்பதைக் கடைசியில் சொல்லுவேன்.

பழுதுபார்த்தலின் மேன்மை

மாற்கு 1:19-இல் யாக்கோபும் யோவானும் படவிலே வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டார்கள். அங்கே வருகிற கிரேக்கச் சொல் 'கட்டார்டிட்ஸோ'. கலாத்தியர் 6:1-இல் தவறினவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தும்படி பவுல் எழுதும்போதும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். பழைய கிரேக்க மருத்துவர்கள் விலகின எலும்பை அதன் இடத்தில் பொருத்துவதற்கும் இந்தச் சொல்லையே வழங்கினார்கள். வலை, எலும்பு, மனிதன் ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல். எனவே பழுதுபார்க்கிற கைகளை நாம் இரண்டாந்தரமாய் எண்ணலாகாது.

ஜோஷுவா ஸ்லோகம் என்னும் மாலுமிக்கு அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் ஊரில் ஒருவர் இனாமாய்க் கொடுத்தது, வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த ஒரு மக்கிய படகு. அதன் பெயர் ஸ்பிரே. அவர் 13 மாதம் உழைத்து, ஏறக்குறைய 553 டாலர் செலவில், சட்டம் சட்டமாக, பலகை பலகையாக அதைப் புதுப்பித்தார். 1895-இல் பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டு 1898-இல் உலகத்தைச் சுற்றித் திரும்பினார். தனியொருவராய் அப்படிச் செய்தவர்களில் அவரே முதல்வர். வழியில் புவெனஸ் அயர்ஸில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். தென்முனையின் கொடுங்காற்றை எதிர்கொள்ளுமுன் தம் பாய்மரத்தை இறக்கி, அதன் உயரத்தைச் சில அடிகள் குறைத்துக்கொண்டார். தன் படகு எவ்வளவு தாங்கும் என்று அறிந்து, அதற்கேற்பப் பாயைக் குறைத்துக்கொள்வதும் பழுதுபார்த்தலே.

நம் கடற்கரையின் கட்டுமரத்தையும் நினைத்துப் பாருங்கள். அதில் ஆணி இல்லை. மரங்கள் கயிற்றால் கட்டப்படுகின்றன. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். ஆகவே கட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருமுறை கைக்கும் கண்ணுக்கும் தப்பாமல் வந்துபோகும். 2004-ஆம் ஆண்டின் சுனாமிக்குப்பின் கண்ணாடியிழைப் படகுகளும் இயந்திரங்களும் பெருகிவிட்டன. அந்தப் பழக்கம் அரிதாகிவிட்டது. நிரந்தரமாய் நிற்கிற பாய்மரத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது நிற்கிறது என்பதினாலேயே நாம் அதைப் பார்ப்பதில்லை.

முதலாவது: பார்க்காமல் ஏறாதிருங்கள்

பாய்மரப் படகின் கயிறுகள் இருவகை. மரத்தை நிறுத்திப் பிடிக்கிற முன்வடம், பின்வடம், பக்க வடங்கள் ஒருவகை. இவை பெரும்பாலும் எஃகுக் கம்பியால் முறுக்கப்பட்டவை. பாயை ஏற்றி இறக்குகிற ஆஞ்சானும், காற்றுக்கேற்பப் பாயை இழுத்துப் பிடிக்கிற தாமானும் மற்றொரு வகை. இவை ஓடுகிற கயிறுகள்.

பழைய படகை வாங்கினவர் முதலில் செய்யவிரும்புவது என்ன? மரத்தின் உச்சிக்கு ஆளை ஏற்றி அங்கே என்ன பழுது என்று பார்ப்பது. இது தலைகீழான வரிசை. மரத்தைப் பிடித்திருக்கிற வடங்களே சந்தேகத்துக்குரியவையானால், அந்த மரத்தின்மேல் ஒருவனுடைய பாரத்தை ஏற்றுவது எப்படி? கீழிருந்து எட்டுகிற எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். வடம் படகின் உடலோடு சேருகிற பட்டைகள், முறுக்கி இறுக்குகிற டர்ன்பக்கிள்கள், குறுக்கு ஊசிகள் இவற்றில் ஒன்றாவது விரிசலோ துருவோ காட்டினால் ஏறவேண்டாம். மரத்தையே கரையில் இறக்கிவைத்து, தரையில் நின்று வேலைசெய்யுங்கள். சிறு படகின் பாய்மரத்தை இறக்குவது சில மணி நேர வேலை. ஒரு மனிதனுடைய முதுகெலும்புக்கு அது பெரிய விலையல்ல.

மரத்தை இறக்குமுன்னும் ஏற்றுமுன்னும் தலைக்குமேல் பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தைக் கடத்தும். எஃகு வடங்களும் கடத்தும். நம் ஊர்களில் மின்கம்பி தாழ்ந்து தொங்காத தெரு குறைவு. மின்கம்பி அருகில் இருந்தால் படகை அப்பால் நகர்த்துங்கள். அது கூடாதானால் மின்வாரியத்தாரைக் கொண்டு இணைப்பை நிறுத்திய பின்னரே மரத்தைத் தொடுங்கள்.

இரண்டாவது: பளபளப்பை நம்பாதிருங்கள்

துருப்பிடிக்காத எஃகு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். துருப்பிடிக்க நாளாகும் எஃகு என்பதே அதன் உண்மையான பொருள். அந்த உலோகத்திலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய போர்வையை உண்டாக்குகிறது. அதுவே அதைக் காக்கிறது. காற்றுப் படுகிற இடத்தில் போர்வை கீறினாலும் மறுபடி வளரும். ஆனால் உப்புநீர் தேங்கி, காற்றுப் புகாத இடுக்கில் அது வளராது. கம்பியின் முனையில் அழுத்திப் பொருத்தப்பட்ட குழலுக்குள்ளும், தளத்தைத் துளைத்துக்கொண்டு போகிற பட்டையின் மறைந்த பகுதியிலும் அரிப்பு உள்ளிருந்தே நடக்கிறது. வெளியே மினுமினுப்பாயிருக்கிற வடம் ஒருநாள் எச்சரிக்கையின்றி அறுந்துபோவது இதனால்தான்.

ஆகவே பழுதுபார்க்கிறவர் மறைவான இடங்களைத் திறந்து பார்க்கவேண்டும். பட்டைகளைக் கழற்றி எடுத்துப் பார்க்கவேண்டும். குழல் முனைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் சோதிக்கவேண்டும். அங்கே பழுப்புக் கறை கசிந்தால் உள்ளே கேடு உண்டு என்று அறியவேண்டும். வடத்தின் நீளம் முழுவதும் பஞ்சையோ பழந்துணியையோ ஓட்டிப் பார்க்கவேண்டும், வெறுங்கையை ஓட்டக்கூடாது. ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி அதில் சிக்கும். 19 இழைகளில் ஒன்றுதானே போயிற்று என்று சொல்லாதிருங்கள். அதே வயதும் அதே பாரமும் உடைய மற்றப் 18 இழைகளும் அதே வழியில் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. எந்த ஆண்டில் மாற்றினார்கள் என்றே தெரியாத வடங்களை, அறுந்த ஒன்றை மட்டும் அல்ல, முழுவதுமாய் மாற்றுவதே ஞானம்.

துருவை மறைக்க வர்ணம் பூசுகிற வழக்கம் நம்மிடத்தில் உண்டு. வர்ணம் காக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும். அரிப்பை நீக்காமல் அதன்மேல் பூசுகிற வர்ணம் அடுத்து வருகிறவனை ஏமாற்றுகிற பொய்யாகும்.

மூன்றாவது: ஒன்றை அவிழ்க்குமுன் மற்றொன்றைக் கட்டுங்கள்

மரம் நிற்கும்போதே வடங்களை மாற்றவேண்டுமானால் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் அவிழ்க்கலாகாது. அந்த ஒன்றை அவிழ்க்குமுன், அது இழுத்துப் பிடித்த திசையில் உறுதியான ஒரு கயிற்றைத் தற்காலிகமாய்க் கட்டவேண்டும். பழைய வடத்தை எறிந்துவிடாமல் அதன் நீளத்தை அளந்து வைத்துக்கொள்ளவேண்டும். பழையது நீண்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

புதியதைக் கட்டும்போது மற்றொரு ஆபத்து உண்டு. அது மிதமிஞ்சி இறுக்குவது. எல்லா வடங்களும் கீழ்நோக்கி இழுப்பதால் மரத்தின் அடி படகின் உடலை ஓயாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. பழைய மரப்படகில் டர்ன்பக்கிளை வெறியோடு முறுக்கினால் பலகைகளின் இடைவெளி திறந்து நீர் கசியும். தளர்ச்சி மரத்தை வீழ்த்துகிறது. கடினம் படகையே பிளக்கிறது. பிள்ளைகளை வளர்க்கிறவர்களும் சபையை நடத்துகிறவர்களும் இதைத் தங்கள் மேசையின்மேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு ஊசியிலும் காட்டர் பின்னைச் செருகி, அதன் கால்களை விரித்து மடக்கிவிடவேண்டும். படகிலுள்ள பொருள்களில் மிகவும் மலிவானது அதுதான். அது இல்லாவிட்டால் ஊசி அசைந்து அசைந்து கழன்றுவிடும். ஊசி கழன்றால் வடம் போயிற்று. வடம் போனால் மரம் போயிற்று. ஏசாயா சொன்ன வரிசை மறுபடியும் இங்கே வருகிறது.

ஓடுகிற கயிறுகளிலும் பகுத்தறிவு வேண்டும். கடையில் கிடைக்கிற எல்லாக் கயிறும் ஒன்றல்ல. நைலான் நீளும், நங்கூரத்துக்கு அது நல்லது, ஆஞ்சானுக்கு ஆகாது. மலிவான பாலிபுரொப்பிலீன் மிதக்கும். ஆனால் நம் வெயிலில் நாளடைவில் பொடியாய் உதிரும். ஆஞ்சானுக்கும் தாமானுக்கும் பாலியஸ்டர் கயிறே ஏற்றது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை பெரிதும் குறையும். புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாய்க் கோத்துப் பின்னினால் பெரும்பகுதி வலிமை தங்கும்.

மரத்தின் உள்ளே ஓடுகிற பழைய ஆஞ்சானை மாற்றும்போது, அதன் வாலோடு புதிய கயிற்றின் தலையைத் தைத்து இழுப்பார்கள். பழைய கயிறு வெளியே வரும்போதே புதியது உள்ளே சென்று உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கிவிடும். முதிர்ந்தவர்களுக்கு இதைவிட அழகான ஊழியம் எனக்குத் தெரியவில்லை. தாங்கள் வெளியே வருகிற வழியிலேயே இளையவர்களை உச்சிக்குக் கொண்டுசேர்க்கிறார்கள்.

நான்காவது: இரண்டாம் கயிறு

மரமும் வடங்களும் உறுதி என்று கண்டபின் ஏறுகிறவனைப்பற்றிப் பேசுவோம். அவனைத் தூக்கும் கயிறு புதியதாயிருக்கட்டும். அது அவனுடைய இருக்கை வளையத்தில் கொக்கியால் மாட்டப்படாமல் முடிச்சால் கட்டப்படட்டும். கொக்கி தானே திறந்துகொள்வது உண்டு. அதோடுகூட வேறொரு ஆஞ்சான், வேறொரு கப்பியின் வழியாய் ஓடி, வேறொருவர் கையில் பிடிக்கப்பட்டு, அவனுடைய சேஃப்டி பெல்ட்டில் கட்டப்படட்டும். முதல் கயிறு அறுந்தாலும், கப்பி உடைந்தாலும், பிடித்தவர் தவறினாலும், இரண்டாவது அவனைத் தாங்கும். அவனுடைய கருவிகள் சிறுகயிற்றால் பைக்குள் கட்டப்பட்டிருக்கட்டும். கீழே நிற்கிறவர்கள் மரத்தின் நேரடியில் நிற்காமல், தலைக்கவசத்தோடு விலகி நிற்கட்டும். ஆள் மேலே இருக்கும்போது கீழே கயிற்றைப் பிடித்தவர் கைப்பேசியை எடுக்கவேண்டாம்.

நிபுணருக்கு இவ்வளவு தேவையா என்பீர்கள். 2013-இல் உலகத்தை நிறுத்தாமல் தனியே சுற்றிவந்த முதல் இந்தியர் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. 2018-இல் துரியா என்னும் சிறு படகில் அவர் மறுபடி போட்டியில் சென்றார். செப்டம்பர் 21-ஆம் தேதி தென்னிந்தியப் பெருங்கடலின் புயலில் படகு புரண்டது, பாய்மரம் ஒடிந்தது, அவருடைய முதுகெலும்பு முறிந்தது. 3 நாளுக்குப்பின் ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அவர் அறியாதவரல்லர், கடல் யாரையும் கேட்டு அடிப்பதில்லை. அவர் தேறி, 2022-இல் அதே போட்டிக்குத் திரும்பி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாய் முடித்தார். 1988-க்கு முன் வரையப்பட்ட, 32 முதல் 36 அடி நீளமுள்ள படகுகளுக்கே அந்தப் போட்டியில் இடமுண்டு. பழைய அமைப்புடைய சிறு படகும் ஒழுங்காய்ப் பேணினால் உலகைச் சுற்றும். அப்படிப் பேணினாலும் ஆபத்து வரும்; ஆகையால் மீட்புக்கு வழி செய்துவைத்தே புறப்படவேண்டும். இரண்டு உண்மைகளும் சேர்ந்தே நிற்கின்றன.

இரண்டு மறுப்புகள்

"நம் முன்னோர் இவையெல்லாம் இல்லாமலே கடலுக்குப் போனார்கள்" என்று சிலர் சொல்லுவார்கள். மெய்தான். ஆனால் கட்டுமரத்தின் பாய்மரம் சிறியது; பிடுங்கி எடுத்துக் கரையில் கிடத்தக்கூடியது. அவர்கள் அதன்மேல் ஏறிப் பழுதுபார்க்கவில்லை. முன்னோருடைய துணிவை எடுத்துக்கொண்டு அவர்களுடைய முறையை விட்டுவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

"ஆண்டவர் காப்பார்" என்பது மற்றொரு மறுப்பு. இதுதான் என்னை அதிகமாய்ப் பாதிக்கிறது, ஏனென்றால் விசுவாசத்தின் வார்த்தையில் இது பேசுகிறது. தேவாலயத்து உச்சியிலிருந்து குதிக்கும்படி, காப்பாற்றும் வாக்குத்தத்தத்தைக் காட்டி, சோதனைக்காரன் நம் ஆண்டவரை ஏவினான். அவர் குதிக்கவில்லை, அதைத் தேவனைப் பரீட்சைபார்ப்பது என்றார். உபாகமம் 22:8-இல் புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். கட்டாமல் ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் வரும். விழுந்தவனுடைய கவனக்குறைவைப்பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில், ஒருவனும் சேதப்படான் என்று தேவதூதன் பவுலுக்குச் சொன்னபின்னும், கப்பலாட்கள் ஆழத்தை அளந்தார்கள், நங்கூரம் போட்டார்கள், பாயை ஏற்றினார்கள். வாக்குத்தத்தம் கயிற்று வேலையை நிறுத்திவிடவில்லை.

நம்முடைய கோபுரம்

இப்பொழுது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். நம்மில் பாய்மரப் படகு வைத்திருப்பவர் அநேகமாய் ஒருவரும் இல்லை. ஆனால் உயரத்தில் ஏறுகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வர்ணம் பூசுகிற சகோதரர், கைப்பேசிக் கோபுரத்தில் வேலைசெய்கிற வாலிபர், தென்னை ஏறுகிறவர், சாரம் கட்டுகிறவர். எத்தனை பேருக்கு இரண்டாம் கயிறு உண்டு? பலருக்கு முதல் கயிறே இல்லை. டிசம்பர் மாதம் வந்தால் நட்சத்திரம் கட்டவும் விளக்குச்சரம் தொங்கவிடவும் ஆலயக் கோபுரத்தில் நம் பிள்ளைகள் வெறுங்காலோடு ஏறுவது நம் பக்கத்தில் வழக்கமாயிருக்கிறது. கீழே நின்று நாம் பெருமையோடு படம் எடுக்கிறோம்.

ஆகையால் சபையாராகிய உங்களிடம் நான் கேட்பது இவை. இந்த ஆண்டு முதல், உடல் முழுவதையும் தாங்குகிற சேஃப்டி பெல்ட்டும் உறுதியான இடத்தில் கட்டின தனிக்கயிறும் இல்லாமல் நம் ஆலயக் கோபுரத்தில் ஒருவரும் ஏறவேண்டாம். அது இல்லாவிட்டால் நட்சத்திரம் வாசலில் தொங்கட்டும்; பெத்லகேமின் செய்தி அதனால் தாழ்ந்துபோகாது. சபைக் கணக்கிலிருந்து 2 பெல்ட்டுகளும் கயிறுகளும் வாங்க நிர்வாகக் குழுவினர் தீர்மானிக்கும்படி வேண்டுகிறேன். அவை பூட்டிவைக்கப்படாமல், உயரத்தில் வேலைக்குப் போகிற நம் சகோதரர் எவரும் கேட்டு வாங்கிப்போகத் தக்கதாய் இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை அவற்றைப் பிரித்துப் பார்த்து, வெயிலில் நைந்ததை அறுத்து எறிந்துவிட ஒருவரை நியமிப்போம். வீட்டு வேலைக்கு ஆளை அழைக்கிறவர்களும், கூலி பேசும்போதே கயிற்றைப்பற்றியும் பேசுங்கள். கூலியைக் குறைக்கத் தெரிந்த நமக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கவும் தெரியவேண்டும்.

கயிற்றைப் பிடித்துக் கீழே நிற்கிறவனை ஒருவரும் பாராட்டுவதில்லை. மேலே இருக்கிறவன் உயிரோடு இறங்கி வருவதே அவனுக்குக் கிடைக்கும் பாராட்டு. அப்படிப்பட்ட கைகளாய் நாம் இருப்போமாக.

கர்த்தர்தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, தளர்ந்தவைகளைத் திடப்படுத்துகிற ஞானத்தை உங்களுக்குத் தந்தருளுவாராக. ஆமென்.